ஃபவுண்டரியில் பாதிப் பேருக்கு ஐம்பது தாண்டிவிட்டது: அடுத்த பத்து வருடத்துக்கு ஆள் திட்டம் எப்படிப் போடுவது?

வார்ப்படம்_கோவை

வணக்கம். கோவை கணபதி பக்கம், இரும்பை உருக்கி அச்சில் ஊற்றும் ஒரு நடுத்தர வார்ப்பு ஆலையில் (ஃபவுண்டரி) ஹெச்.ஆர். பார்க்கிறேன். பம்ப் பாடி, இம்பெல்லர், மோட்டார் கவர், கொஞ்சம் வால்வு உருப்படிகள் செய்கிறோம். நிரந்தரத் தொழிலாளர்கள் நூற்று நாற்பது பேர் சொச்சம். அதில் பாதிக்கு மேல் 50 வயதைத் தாண்டியவர்கள். 1990-களில் ஆர்டர் பெருகியபோது மொத்தமாக எடுத்த ஆட்கள். சேர்ந்தது ஒன்றாக என்பதால் போவதும் ஒன்றாகத்தான். எங்கள் நிலையாணையில் (கம்பெனியின் வேலை விதிகளில்) ஓய்வு வயது 58.

நிர்வாகத்தில் இரண்டு யோசனைகள் ஓடுகின்றன. 58 ஆனதும் கணக்கை முடித்துவிட்டு, தேவையானவர்களை மட்டும் கான்ட்ராக்டர் மூலமாகக் குறைந்த சம்பளத்துக்குத் திரும்பக் கூப்பிடலாம் என்கிறார்கள் சிலர். அரசு செய்த மாதிரி 60 ஆக்கிவிடலாம் என்கிறார்கள் மற்றவர்கள். இரண்டுமே பிரச்சினையை இரண்டு வருடம் தள்ளி வைப்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏன் என்று சொல்கிறேன். இரும்பை ஊற்றும் அச்சுக்கு மண் கலக்கும் மில்லில் நெடுநாள் இருந்த ஒருவர் சமீபத்தில் ஓய்வு பெற்றார். எங்களிடம் லேப் இருக்கிறது. மண்ணின் ஈரப்பதம், இறுகும் தன்மை (கம்பாக்டபிலிட்டி), காற்றை வெளியேவிடும் தன்மை (பெர்மியபிலிட்டி) எல்லாம் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் பார்க்கிறோம். ஆனாலும் அவர் போனபின் புளோ ஹோல், அதாவது வார்ப்பில் காற்றுக் குழி விழுந்து கழிபடும் ரிஜெக்ஷன் ஏறி, இறங்கவே பல வாரம் ஆனது. மழைக்காலத்தில் புது மணல் லோடு வந்தால் எவ்வளவு தண்ணீர் குறைக்க வேண்டும், மண்ணை ஒட்ட வைக்கும் பென்டோனைட் களிமண் சாக்கு மாறினால் மில்லை எவ்வளவு நேரம் கூடுதலாக ஓட்ட வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில் இருந்தது. ஒரு பிடி மண்ணை அமுக்கி, இரண்டாக உடைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார். யாரும் எழுதி வைக்கவில்லை. இதுபோல அச்சுக்கான மாதிரி உருவம் செய்யும் பேட்டர்ன் ஷாப்பிலும், இரும்பு உருக்கும் ஃபர்னஸ் மேடையிலும் இன்னும் எத்தனை பேர் என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை.

இதை உண்மையாகத் திட்டமிட்டுச் செய்தவர்கள் எங்கே தொடங்கினீர்கள் என்று சொல்லுங்கள்.

அம்பத்தூர்_எஸ்டேட்

சார், சராசரி வயதை ஓரமாக வையுங்கள். அதை வைத்து மீட்டிங்கில் பேசலாம், திட்டம் போட முடியாது. துறைவாரியாகக்கூட வேண்டாம், வேலைவாரியாகப் பிரியுங்கள். மண் மில், கோர் (வார்ப்பின் உள்வெற்றிடத்துக்கான மண் கட்டை), பெரிய பாக்ஸ் மோல்டிங் (மண்ணில் அச்சு செய்தல்), மெஷின் மோல்டிங், மெல்டிங், ஊற்றுதல், பேட்டர்ன், ஃபெட்லிங் (வார்ப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்தல்), மெயின்டெனன்ஸ். ஒவ்வொரு வேலைக்கும் நேராகத் தனியாகச் செய்யக்கூடியவர் யார், பக்கத்தில் ஆள் நின்றால் செய்யக்கூடியவர் யார், கற்றுக்கொண்டிருப்பவர் யார் என்று பெயர் எழுதுங்கள். அவரவர் ஓய்வு வருடத்தையும் பக்கத்தில் போடுங்கள். தனியாகச் செய்யக்கூடியவர் ஒரே ஆள், அவருக்கும் ஐந்து வருடத்துக்குள் ஓய்வு என்று எந்த வேலை வருகிறதோ அதுதான் உங்கள் அவசரம்.

அடுத்ததுதான் முக்கியம். அந்த வேலையைத் தனியாகச் செய்யும் அளவுக்கு ஒரு புது ஆள் தேற எவ்வளவு காலம் பிடிக்கும்? ஃபெட்லிங்கில் கிரைண்டர் பிடிக்கச் சில மாதம் போதும். பேட்டர்ன் மேக்கருக்குச் இரும்பு ஆறிச் சுருங்குவதற்கு விடும் அளவு (சுருக்க அலவன்ஸ்), அச்சிலிருந்து எடுக்க வைக்கும் சாய்வு (டிராஃப்ட்), அச்சு இரண்டாகப் பிரியும் கோடு (பார்ட்டிங் லைன்) எல்லாம் கையில் படிய வருடக்கணக்கில் ஆகும். ஓய்வு வருடத்திலிருந்து அந்தக் காலத்தைக் கழியுங்கள். வருவதுதான் ஆள் எடுக்க வேண்டிய வருடம். நான் பார்த்த தொழிற்சாலைகளில் பாதி வேலைகளுக்கு அந்த வருடம் ஏற்கெனவே கடந்துபோயிருந்தது.

எடுக்கும்போது மறுபடி ஒரே வருடத்தில் கும்பலாக எடுக்காதீர்கள். வருடத்துக்குக் கொஞ்சம் பேராக எடுங்கள், ஆர்டர் மந்தமான வருடத்திலும் நிறுத்தாதீர்கள். இல்லையென்றால் முப்பது வருடம் கழித்து உங்கள் நாற்காலியில் இருப்பவர் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

மெக்_2019

மன்னிக்கவும், இளைஞர் பக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும். தமிழக அரசு தன் ஊழியர்களின் ஓய்வு வயதை 2020 மே மாதம் 58-லிருந்து 59 ஆக்கியது, 2021 பிப்ரவரியில் 60 ஆக்கியது. அந்த இரண்டு வருடமும் அரசு வேலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த என் நண்பர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். தனியாரிலும் அதே கதைதான். நான் வேலை செய்யும் இடத்தில் ஃபோர்மேன் பதவி காலியாகும் என்று காத்திருந்த இரண்டு பேர், ஓய்வு பெற்றவரையே ஆலோசகர் என்று திரும்ப உட்கார வைத்ததும் ஓசூருக்குப் போய்விட்டார்கள். பெரியவர்களின் அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அனுபவத்தைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, அதைக் கற்றுக்கொள்ள வேண்டியவனையே வெளியே அனுப்பினால் என்ன பயன்?

அம்பத்தூர்_எஸ்டேட்

தம்பி சொல்வது நியாயம். திரும்பக் கூப்பிடும்போது அதே நாற்காலியைக் கொடுக்கக் கூடாது. பதவி அடுத்தவருக்குப் போக வேண்டும், பெரியவர் பயிற்சி, ட்ரையல், புது உருப்படி டெவலப்மென்ட் என்று வேறு இடத்தில் இருக்க வேண்டும். இதைச் செய்யாத கம்பெனியில் இரண்டு பக்கமும் மனக்கசப்புதான் மிஞ்சும்.

தோழர்_பெரியநாயக்கன்பாளையம்

வார்ப்படம் சார், உங்கள் நிர்வாகத்தின் முதல் யோசனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் சங்கத்தில் இருப்பவன்.

58-இல் ஒரு தொழிலாளி வெளியே போகும்போது கையில் என்ன இருக்கிறது? அடிப்படைச் சம்பளமும் டி.ஏ.வும் சேர்ந்து 18,000 வாங்குபவர் 30 வருடம் வேலை செய்திருந்தால் கிராஜுவிட்டி (பணிக்கொடை) மூன்று லட்சத்துப் பதினோராயிரம் சொச்சம். பி.எஃப். பணத்தில் பாதி வீட்டுக்கும் மகள் கல்யாணத்துக்கும் முன்னமே போயிருக்கும். பென்ஷனுக்கு நிர்வாகம் கட்டும் 8.33 சதவீதத்துக்கு இன்றைய உச்சவரம்பு 15,000 ரூபாய் சம்பளம்; 2014 செப்டம்பருக்கு முன் அது 6,500. முழு சர்வீஸ் இருந்தாலும் மாதம் நாலாயிரம், ஐயாயிரத்தைத் தாண்டுவது அரிது. குறைந்தபட்ச பென்ஷன் 2014-இல் 1,000 என்று வைத்தார்கள்.

இந்த நிலையில் இருப்பவரிடம் போய், நேற்று செய்த அதே வேலையைப் பாதிச் சம்பளத்துக்குக் கான்ட்ராக்டர் பெயரில் செய் என்றால் அவர் மறுக்க மாட்டார். மறுக்கும் நிலையில் அவர் இல்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் நிற்கும் 52 வயதுக்காரரும் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். தனக்கும் இதுதான் கதி என்று தெரிந்தபின் அவர் யாருக்கு எதைச் சொல்லிக்கொடுப்பார்?

திரும்ப எடுப்பதானால் கம்பெனியின் சொந்த மஸ்டரில் (ஆள் பதிவேட்டில்), காலவரையறை ஒப்பந்தத்தில் எடுங்கள். புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் காலவரையறைத் தொழிலாளிக்கு ஒரு வருடம் முடிந்தாலே கிராஜுவிட்டி உண்டு. பென்ஷனை 58-இல் வாங்காமல் 60 வரை தள்ளி வைத்தால் வருடத்துக்கு 4 சதவீதம் கூடும் என்பதையும் யாராவது அவர்களுக்கு உட்கார்ந்து சொல்ல வேண்டும். இன்னொன்று: ஈ.எஸ்.ஐ.யில் ஐந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர் வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் மனைவிக்கும் மருத்துவ வசதி தொடரும். இது தெரியாமல் தனியார் ஆஸ்பத்திரியில் கடன்பட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஓய்வுக்கு ஒரு வருடம் முன்பே இந்த விவரங்களை ஹெச்.ஆர். சொல்லிக்கொடுத்தால் அதற்குச் செலவே கிடையாது.

வார்ப்படம்_கோவை

தோழர், 120 ரூபாய் விஷயம் எங்கள் ஆட்களில் பலருக்குத் தெரியாது. இந்த வாரமே நோட்டீஸ் போர்டில் போடுகிறேன், தனித்தனியாகவும் சொல்கிறேன்.

அம்பத்தூர் சார் சொன்ன பட்டியலைப் போட்டுப் பார்த்தேன். பெரிய பாக்ஸ் கை மோல்டிங்கில் தனியாகச் செய்யக்கூடியவர்கள் எல்லோருமே 54-க்கு மேல். அவர்களுக்கு அடுத்த வரிசையில் தமிழ் பேசுபவர் ஒருவர்கூட இல்லை. பீகார், ஒடிசா, ஜார்கண்ட் தம்பிகள்தான். எங்கள் சீனியர் மோல்டர் ஒருவர் அவர்களுக்குப் பாதி இந்தி, பாதி சைகை என்று சொல்லிக்கொடுக்கிறார். உருகிய இரும்பு ஓடும் வழியும் (ரன்னர்) சுருக்கத்தை ஈடுசெய்யும் தேக்கமும் (ரைசர்) எங்கே வெட்டுவது, காற்று வெளியேறத் துளை (வென்ட்) குத்தும் ஊசி எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதைச் செய்து காட்டிவிடலாம். ஆனால் ஏன் அங்கே வெட்டினோம் என்பதைச் சொல்லப் பேச்சு வேண்டும். தம்பிகள் தீபாவளிக்கோ சத் பூஜைக்கோ ஊருக்குப் போனால் பாதிப் பேர் திரும்புவதில்லை, வேறு கம்பெனியில் கூடக் கொஞ்சம் கிடைத்தால் அங்கே போய்விடுகிறார்கள். நிரந்தரம் ஆக்காமல், தங்குமிடம் சரியாகக் கொடுக்காமல், எங்களிடமே முப்பது வருடம் இருப்பார்கள் என்று எதிர்பார்க்க எங்களுக்கு உரிமை இல்லை.

உள்ளூர்ப் பையன்கள் வருவதில்லை என்பதற்குச் சூடும் தூசியும் மட்டும் காரணம் இல்லை. தமிழ்நாட்டில் 2000-ஆம் ஆண்டு வாக்கிலேயே பிள்ளைப்பேறு விகிதம் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தைக்கு வந்துவிட்டது, இப்போது அதற்கும் கீழே. 2011 சனத்தொகைக் கணக்கிலேயே 60 வயதைக் கடந்தவர்கள் பத்து சதவீதத்துக்கு மேல். ஒரு வீட்டில் ஒரு பையன், அவனும் இன்ஜினீயரிங். மோல்டரின் மகன் மோல்டராவான் என்ற காலம் போய்விட்டது. போனது நல்லதுதான், அந்த அப்பாக்கள் அதற்காகத்தான் உழைத்தார்கள். ஆனால் எங்கள் ஆள் திட்டம் இன்னும் அந்தக் காலத்திலேயே நிற்கிறது.

ஆலை_நர்ஸ்

தொழிற்சாலை முதலுதவி அறையில் வேலை செய்கிறேன். எல்லோரும் திறமையைப் பற்றியே பேசுகிறீர்கள், உடம்பைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும்.

ஃபவுண்டரியில் முப்பது வருடம் இருந்தவருக்கு மூச்சு வாங்கினால் அதை வயதுக் கணக்கில் தள்ளிவிடக் கூடாது. மணலில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ், அறிவிக்கப்பட்ட தொழில் நோய். நாக்அவுட் (அச்சை உடைத்து வார்ப்பை எடுத்தல்), ஃபெட்லிங், ஷாட் பிளாஸ்டிங் (இரும்புக் குருணை வீசிச் சுத்தம் செய்தல்) பக்கம் இருப்பவர்களுக்கு ஆபத்து அதிகம். வந்த பாதிப்பு திரும்பாது, அதனால் எக்ஸ்ரேயும் மூச்சுத் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரியும் சம்பிரதாயமாக இருக்கக் கூடாது. காது கேட்பது குறைந்தவர் கிரேன் ஹாரனைத் தவறவிடுவார். நாற்பதுக்கு மேல் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும்; வெர்னியர் படிப்பதில் தப்பு வந்தால் முதலில் கண்ணாடியைப் பாருங்கள், பிறகு ஆளைக் குறை சொல்லலாம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவரை இரவு ஷிஃப்டில் ஃபர்னஸ் மேடையில் நிறுத்தும்போது சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனால் மயக்கம் வரும், பக்கத்தில் உருகிய இரும்பு இருக்கிறது.

ஓய்வு வயதை 60 ஆக்குவதானால் இதையெல்லாம் சேர்த்து ஆக்குங்கள். 45-லிருந்தே யாரை எந்தத் தூசியிலிருந்து, எந்தச் சூட்டிலிருந்து எப்போது மாற்றுவது என்று பட்டியல் வேண்டும். மாற்றும்போது சம்பளம் குறையும் என்றால் யாரும் இருமலை வெளியே சொல்ல மாட்டார்கள். என்னிடம் வந்து, சிஸ்டர் ரிப்போர்ட்டில் எழுதாதீங்க என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

பவேரியா_தமிழன்

ஆலை நர்ஸ் சொன்னதற்கு இங்கே ஜெர்மனியில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. பி.எம்.டபிள்யூ.வின் டிங்கோல்ஃபிங் தொழிற்சாலையில் சராசரி வயது பத்து வருடத்தில் 39-லிருந்து 47 ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். 2007-இல் பின் அச்சு கியர்பாக்ஸ் லைன் ஒன்றில் 42 பேரை, 2017-இல் வரப்போகும் அதே வயது விகிதத்தில் நிறுத்திப் பார்த்தார்கள். என்ன மாற்ற வேண்டும் என்று அந்தத் தொழிலாளர்களையே கேட்டார்கள். கான்கிரீட் தரைக்கு மேல் மரப்பலகை, சலூன் நாற்காலி மாதிரி உயரம் மாற்றும் இருக்கை, சின்னப் பாகங்களைப் பார்க்க லென்ஸ், ஒரே மூட்டுக்குச் சுமை சேராமல் இடம் மாற்றி வேலை செய்தல் என்று மொத்தம் எழுபது சிறு மாற்றங்கள். செலவு, தொழிலாளர் நேரத்தையும் சேர்த்து, ஏறக்குறைய 40,000 யூரோதான். ஒரு வருடத்தில் உற்பத்தித் திறன் 7 சதவீதம் ஏறியது. முதலில் அந்த லைனைக் கிழவர் லைன் என்று கேலி செய்தவர்கள்கூடப் பிறகு அங்கே வர விரும்பினார்கள்.

ஃபவுண்டரி வேறு என்று தெரியும். ஆனால் பத்து வருடம் கழித்து வரப்போகும் லைனை இன்றே ஒரு இடத்தில் நிறுத்திப் பார்ப்பதைக் கோவையிலும் செய்யலாம்.

ஜூரோங்_வாசி

சிங்கப்பூர் நிலவரம். இங்கே இதைக் கம்பெனியின் நல்ல மனசுக்கு விடவில்லை. 2022 ஜூலை முதல் ஓய்வு வயது 63, மறுவேலை வயது (திரும்ப வேலை கொடுக்க வேண்டிய உச்ச வயது) 68. 2026 ஜூலைக்கு அது 64, 69. 2030-க்குள் 65, 70 என்பது இலக்கு. ஓய்வு வயதை எட்டும் குடிமகனோ நிரந்தரவாசியோ உடல் தகுதியோடும் திருப்தியான வேலையோடும் இருந்து, அந்த முதலாளியிடம் குறைந்தது இரண்டு வருடம் வேலை செய்திருந்தால் மறுவேலை கொடுத்தாக வேண்டும். பொருத்தமான வேலை இல்லை என்றால் ஒரு தொகை கொடுக்க வேண்டும். பேச்சை ஆறு மாதம் முன்பே தொடங்கி, மூன்று மாதம் முன்பே ஆஃபர் தர வேண்டும் என்பது முத்தரப்பு (அரசு, முதலாளிகள், சங்கங்கள்) வழிகாட்டுதல்.

எங்கள் ஷிப்யார்டில் இருந்த ஒரு தமிழ்ப் பெரியவர் பாரம் கட்டித் தூக்கும் ரிக்கிங் வேலையிலிருந்து பாதுகாப்புப் பயிற்சிக்கு மாறினார். அந்த ஆறு மாதப் பேச்சில்தான் அது முடிவானது. சம்பளம் கொஞ்சம் குறைந்தது, வேலையும் மாறியிருந்ததால் அவருக்கு அது அவமானமாகப் படவில்லை.

தோழர்_பெரியநாயக்கன்பாளையம்

ஜப்பானில் இது கோர்ட் வரை போனது. அங்கே 60-இல் ஓய்வு கொடுத்து, குறைந்த சம்பளத்தில் திரும்ப எடுப்பது பரவலான வழக்கம். ஒரு கம்பெனியில் அப்படி எடுக்கப்பட்ட லாரி டிரைவர்கள், ஓட்டுவது அதே லாரி, எங்களுக்கு மட்டும் ஏன் குறைவு என்று வழக்குப் போட்டார்கள். 2018 ஜூனில் உச்ச நீதிமன்றம் பெரும்பாலான வித்தியாசத்தை ஏற்றுக்கொண்டது; தவறாமல் வேலைக்கு வருவதற்கான படியை மட்டும் மறுத்தது தப்பு என்றது. தீர்ப்பு எனக்கு வருத்தம்தான். ஆனால் ஒவ்வொரு படியும் எதற்காக என்று தனித்தனியாகக் கேட்ட முறையை நம் பேச்சுவார்த்தைக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

பழைய_பேட்டர்ன்காரன்

ஐயா, நான் ஓய்வு பெற்ற பேட்டர்ன் மேக்கர். பேரன் போனில் இதைக் காட்டினான், படித்தேன். எழுதலாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

எங்களில் சிலர் தொழிலை முழுதாகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது உண்மை. அதற்கு ஆணவம் காரணம் இல்லை, பயம். எங்கள் காலத்தில் கற்றுக்கொண்டவன் கையில் வேலை போனதும் கற்றுக்கொடுத்தவனை வெளியே அனுப்பியதைக் கண்ணால் பார்த்தோம். கடைசி வருடத்தில் ஒரு பையனைப் பக்கத்தில் நிறுத்தி நோட்டில் எழுதிக்கொள் என்றால், நாங்கள் புரிந்துகொள்வது ஒன்றே ஒன்றுதான்: நம்மை அனுப்பப் போகிறார்கள். அதனால் அளவைச் சொல்வோம், அந்த அளவு ஏன் என்பதைச் சொல்ல மாட்டோம்.

ஐம்பதிலேயே கேளுங்கள். இந்தப் பையன் உன் பொறுப்பு, இவன் தேறினால் உனக்கு இவ்வளவு, உன் வேலைக்கு ஆபத்து இல்லை என்று எழுத்தில் கொடுங்கள். மனுஷன் சந்தோஷமாகச் சொல்லிக்கொடுப்பான். தொழில் தன்னோடு போக வேண்டும் என்று யாருக்கும் ஆசை கிடையாது.

மெக்_2019

ஐயா, நீங்கள் எழுதியது பெரிய விஷயம். எனக்கு ஒருவர் அளவை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டபோது, அவர் என்னை மட்டமாக நினைக்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ராஜபாளையம்_மில்

நூற்பாலையிலிருந்து ஒரு விஷயம். எங்களிடம் நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் இயந்திரத்தில் நாற்பத்தைந்து தாண்டிய பெண்கள் ஓய்வு வயது வரை இருப்பதே இல்லை, பட்டியலில் இருந்து அதற்கு முன்பே காணாமல் போகிறார்கள். மாமியாருக்கு உடம்பு முடியவில்லை, மகளுக்குப் பிரசவம் என்று நின்றுவிடுகிறார்கள். ராஜினாமா என்று பதிவாகிறது. 58-ஐ மட்டும் பார்த்துத் திட்டம் போட்டால் இவர்கள் கணக்கிலேயே வர மாட்டார்கள். நீண்ட விடுப்பு எடுத்துத் திரும்பி வர வழி வைத்தபோது சிலர் திரும்பி வந்தார்கள். கோர் ஷாப்பில் பெண்கள் இருந்தால் அங்கேயும் பாருங்கள்.

வார்ப்படம்_கோவை

கோர் ஷாப்பில் இருக்கிறார்கள் மேடம். பார்க்கிறேன்.

எல்லோருக்கும் நன்றி. நிர்வாகத்திடம் வைக்க ஒரு வரைவு எழுதிவிட்டேன். ஓய்வு வயதை எல்லோருக்கும் ஒரேயடியாக 60 ஆக்கக் கேட்கவில்லை. 50 வயதில் ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து பேசுவது முதல் படி: உடம்பு எப்படி, எந்த வேலைக்கு மாற விருப்பம், யாருக்குச் சொல்லிக்கொடுப்பார், 58-க்குப் பின் என்ன நினைக்கிறார். அவசரப் பட்டியலில் வந்த வேலைகளுக்கு இந்த வருடமே இரண்டு இரண்டு பேர், நிரந்தரப் பணிக்கான உறுதியோடு. வெளிமாநிலத் தம்பிகளுக்கும் அதே உறுதி. கை மோல்டிங்கில் ஒரு பகுதியை பவேரியா நண்பர் சொன்ன மாதிரி மாற்றிப் பார்ப்பது. பாக்ஸ் தூக்க ஹாய்ஸ்ட், தூசி உறிஞ்சி, நல்ல வெளிச்சம், மேடையின் உயரம். 58-க்குப் பின் தேவைப்படுபவர்களை எங்கள் மஸ்டரிலேயே, பயிற்சியாளராக, பதவியை அடுத்தவருக்குக் கொடுத்தபின் எடுப்பது. சொல்லிக்கொடுப்பவர்களுக்கு மாதம் ஒரு பயிற்சிப் படி.

ஹாய்ஸ்ட் செலவைத்தான் முதலில் வெட்டுவார்கள் என்று நினைக்கிறேன். ரிஜெக்ஷனில் போன இரும்பு, மின்சாரக் கணக்கைப் பக்கத்தில் வைத்துக் கேட்கப் போகிறேன்.

தோழர்_பெரியநாயக்கன்பாளையம்

வரைவு நன்றாக இருக்கிறது. ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பயிற்சிப் படி என்று தனியாக வைத்தால் கிராஜுவிட்டிக் கணக்கில் வராமல் போகலாம். புதிய சம்பள வரையறையில் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால்தான் தாண்டிய பகுதி சம்பளமாகச் சேரும். 50 வயதுக்காரர் எட்டு வருடம் சொல்லிக்கொடுத்ததற்குக் கடைசியில் பலன் வர வேண்டும் என்றால் அதை அடிப்படைச் சம்பளத்தில் ஒரு இன்கிரிமென்டாகச் சேருங்கள். வேலைக்கு ஆபத்து இல்லை என்று பெரியவர் கேட்ட எழுத்தையும் தனிக் கடிதமாகக் கொடுக்காமல் முத்தரப்பு ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தாகவே போடுங்கள். அப்போதுதான் மேனேஜர் மாறினாலும் நிற்கும்.

வார்ப்படம்_கோவை

இரண்டையும் மாற்றிவிட்டேன் தோழர். ஷரத்தின் வாசகத்தை எழுதித் தனிச்செய்தியில் அனுப்புகிறேன், உங்கள் கண்ணில் ஒருமுறை பட்டால் நல்லது. பேட்டர்ன்கார ஐயா, உங்களுக்கும் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறேன். எங்கள் பேட்டர்ன் ஷாப்பில் இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள் வர முடியுமா என்று பேரனிடம் சொல்லிப் பதில் போடச் சொல்லுங்கள், சம்பளம் பேசிக்கொள்வோம், வண்டி அனுப்புகிறேன்.